தேசிங்கு மச்சானின் இடக்கை முடிச்சு

1

ஷார்ஜா மீன் சந்தையில் எனக்கு மூன்று கடைகள். படித்தது ஐந்தாம் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எழுத்துப் பிழையைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து இரண்டு சட்டை, ஒரு லுங்கியோடு வந்தவன். முப்பது வருஷம் ஆகிறது. ஆறு வருஷம் படகில் கூலி, நான்கு வருஷம் அடுத்தவர் கடையில் மீன் வெட்டினேன், அப்புறம் சொந்தக் கடை. இன்றைக்கு என்னிடம் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் பி.காம். அவன் எழுதும் பில்லில் தப்புக் கண்டுபிடிப்பது நான்.

வஞ்சிரத்தைக் கையில் தூக்கினால் அது எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். செவுளில் சிவப்புத் தண்ணீர் தடவி விற்கிறவனைப் பத்தடி தள்ளி நின்றே பிடிப்பேன். வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கண்ணை நம்பாதே, விரலால் அழுத்திப் பார். ஊர்க்காரர்கள் வாட்ஸாப் குழுவில் எந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் போகும் என்று தினமும் ஒரு சேதி வரும். எல்லோரும் கும்பிடு போடுவார்கள். நான் மட்டும், “யாருக்குப் போச்சு? ஆளைக் காட்டு” என்று கேட்பேன். அதனாலேயே அந்தக் குழுவில் என்னைப் பலருக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்ட நான் பதினெட்டு வருஷம் ஒரு முடிச்சை நம்பினேன். அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

2

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சந்தையில் கூட்டம் அடங்கியிருந்த நேரத்தில், என் தங்கச்சி கன்னியம்மா போன் பண்ணினாள். எனக்கு ஒரே தங்கச்சி. பழவேற்காட்டுக் குப்பத்திலேயே இருக்கிறாள். ஒரு மகள், அவளும் கல்யாணமாகி மீஞ்சூர் போய்விட்டாள்.

“இன்னாமா, சாப்டியா?”

“அத்த வுடுணா. ஒன்னு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கேளு.”

“வூட்டு மேல காரை பேந்து பேந்து வுழுது. கொழம்பு கொதிக்கறப்போ சட்டிலயே வுழுது. கவர்மெண்டுல இடிச்சிட்டுப் புதுசா கட்டித் தர்றாங்களாம், எல்லாரும் பேரு குடுக்கறாங்கோ. நம்ம வூடு அவரு பேர்ல கீது. ஒன்னு அவரு வந்து கையெழுத்துப் போடணும், இல்லாட்டி அவரு இல்லன்னு சர்டிபிகேட்டு வோணும்.”

‘அவரு’ என்றால் அவள் புருஷன், என் மச்சான் தேசிங்கு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

“அதுக்கு நான் இன்னா பண்ணணும்?”

“தாலுக்கா ஆபீஸ்ல பைலு எடுத்துப் பாத்தாங்கோ. உள்ள உன் லெட்டர் கீதுணா.”

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இங்கே ஒரு டைப்பிஸ்ட் பிடித்து, நான் சொல்லச் சொல்ல அடிக்க வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கடிதம். ‘என் தங்கையின் கணவர் உயிருடன் இருப்பதற்கு என்னிடம் ஆதாரம் உள்ளது. அவரை இறந்தவராக எழுதக் கூடாது.’ அந்தக் கடிதம் போட்ட அன்றைக்கு நான் ஏதோ கலெக்டரையே மடக்கிவிட்ட மாதிரி நடந்து திரிந்தேன்.

“அந்த ஆபீஸ் அம்மா நல்லவங்கோதான்” என்றாள் கன்னியம்மா. “உங்க அண்ணனே இப்புடி எழுதிக் குடுத்துருக்காரே, அவரே மாத்தி எழுதிக் குடுத்தா வேலை சுளுவா ஆவும்னு சொன்னாங்கோ.”

“நாளைக்கு மச்சான் வந்து நின்னா?”

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“மழைக்குள்ள ஆவணும்ணா” என்று மட்டும் சொன்னாள்.

3

மச்சானைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

குப்பத்தில் வலை பொத்துகிற கை என்றால் அவர் கைதான். கிழிந்த இடத்தில் கண்ணுக்குக் கண் கோத்து, கிழிந்ததே தெரியாமல் பண்ணிவிடுவார். ஆனால் இடக்கைக்காரர். ஊசியை இடது கையில் பிடிப்பார். வலக்கைக்காரர்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் சாய்ந்து உட்காரும். அவர் போட்டது இடப்பக்கம் சாயும். “தேசிங்கு பொத்துன வலையாண்ட வந்தா மீனுக்கே எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம உள்ள வந்து மாட்டிக்கும்” என்று கிண்டல் பண்ணுவார்கள். அவர் சிரிப்பார், பதில் பேச மாட்டார். நான் எவ்வளவு பேசுவேனோ அவ்வளவு பேசாதவர். எங்களுக்குள் ஒத்துப்போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடை வைத்த நாளிலிருந்து அவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். “இன்னும் எத்தினி நாளு அந்தக் கடல்ல கெடப்ப மச்சான்? என் கடைல வந்து ராஜா மாதிரி உக்காரு. பொட்டிய கட்டி வெய்யி, அடுத்த மாசம் விசா.” ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த அடுத்த மாதம் என் கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு முத்திரைக்கு இன்னொரு முத்திரை, அதற்கு இன்னொரு படிவம். படிவத்தில் இருந்தது எனக்குப் படிக்கத் தெரியாத இரண்டு மொழி. நான் போகிற கவுண்டரில் எல்லாம் பக்கத்துக் கவுண்டரைக் காட்டினார்கள். விசா நான்கு மாதம் தள்ளிப்போனது.

அந்த நான்காவது மாதம் மச்சான் இன்னும் இரண்டு பேரோடு பைபர் படகில் போனார். காற்று மாறிவிட்டது. ஆறு நாள் கழித்து வடக்கே ஆந்திரா கரையில் படகு கவிழ்ந்து ஒதுங்கியது. அந்த இரண்டு பேரின் உடலையும் கண்டெடுத்தார்கள். மச்சான் கிடைக்கவில்லை.

என் பாஸ்போர்ட் அப்போது முத்திரைக்காக ஆபீஸில் இருந்தது. நான் போகவில்லை. கடைக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். எழுந்து போய் மீன் வெட்டினேன். விசா நேரத்துக்கு வந்திருந்தால் அவர் என் கடையில் இருந்திருப்பார். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

4

மூன்று மாதம் கழித்து படகுத்துறைக்கு மீன் எடுக்கப் போயிருந்தேன். ஒரு பெரிய மரப்படகிலிருந்து பழைய வலையைக் கரையில் இறக்கிக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் ஒரு முழம் அளவுக்கு ஒட்டுப்போட்ட இடம். சும்மா பார்த்தேன். முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அங்கேயே உட்கார்ந்து அந்த ஒட்டை விரலால் தடவினேன். படகுக்காரரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், இதைப் பொத்தியது யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “பழைய வலை பாய், ஏதோ துறையில் வாங்கினேன்” என்றார். எந்தத் துறை என்று கேட்டேன். மேற்கே கையைக் காட்டினார். நான் விடாமல் கேட்கவும் வடக்கேயும் காட்டினார்.

எனக்கு அது போதும். கடைக்குத் திரும்பி வருகிற வழியிலேயே முழுக் கதையும் தயாராகிவிட்டது. ஒரு கப்பல் அவரைத் தூக்கியிருக்கிறது. அந்தக் கப்பல் இந்தப் பக்கத்துத் துறை ஒன்றில் இறக்கிவிட்டிருக்கிறது. காகிதம் இல்லாத ஆள், பாஷை தெரியாத ஆள், எங்கேயோ ஒரு கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிறார். பேசாத மனுஷனாச்சே, யாரிடம் போய் ஊர் பேரைச் சொல்லியிருப்பார்? அவர் பேசாமல் இருப்பதுகூட எனக்கு ஆதாரமாக ஆகிவிட்டது.

அன்றைக்கே குப்பத்துக்குப் போன் போட்டேன். பிறகு அந்தக் கடிதம்.

5

குப்பம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒருத்தர், டிவியில் வெளிநாட்டு ஜெயிலைக் காட்டினபோது பின்வரிசையில் தேசிங்கு மாதிரி ஒரு தலையைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருத்தர் கனவில் அவர் ஈரத் தலையோடு வராமல் காய்ந்த தலையோடு வந்தார், அதனால் கரையில்தான் இருக்கிறார் என்றார்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மச்சான் பெயருக்கும் வருஷா வருஷம் சீட்டு எழுதிப் போட்டார்கள். அவர் பெயர் வந்தால் யாராவது இறங்கி வலை கட்டி, அன்றைக்கு விழுந்த மீனில் ஒரு பங்கைக் கன்னியம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். “ஆளு வந்து என் பாடு எங்கன்னு கேட்டா இன்னா பதில் சொல்றது?” என்று பெரியவர்கள் சொன்னார்களாம். கன்னியம்மாவும் பூ வைத்துக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் வாரம் ஒரு தடவை போன் பண்ணினேன். படகுத்துறையில் எந்த வலையைக் கண்டாலும் குனிந்து பார்த்தேன். மறுபடி அந்தச் சாய்வை நான் பார்க்கவேயில்லை. பார்க்காதது எனக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

6

இப்போது மாற்றி எழுதிக்கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, இங்கேயிருக்கிற நம் நாட்டு அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். என் மகள் நித்யா இந்த மாதிரி வேலையில் கெட்டிக்காரி. நான்கு வயதில் இங்கே வந்தவள், இப்போது இருபத்திரண்டு. நாங்கள் அப்பனை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தோம், இவள் ‘அப்பா’ என்பாள், அதையும் இங்கிலீஷ்காரி மாதிரி சொல்லுவாள். அத்தையோடு வீடியோவில் பேசினால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சு நடக்காது.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க கரெக்டா என்ன பாத்தீங்க? அதை ஃபர்ஸ்ட் எழுதணும்.”

“முடிச்சு பாத்தேன்.”

“முடிச்சுன்னா? எனக்குப் புரியலை. ஷோ மீ.”

சமையல்கட்டிலிருந்து சணல் கயிறு எடுத்து வந்து நாற்காலி முதுகில் கட்டி, நாலு வரிசை வலைக்கண் போட்டுக் காட்டினேன். இருபது வருஷம் தொடாத வேலை, கை மறக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. “பாரு, வலப்பக்கம் சாயுது இல்ல? இது நான் போட்டது. மச்சான் போட்டா இடப்பக்கம் சாயும். நான் துறையில பாத்தது இடப்பக்கம்.”

அவள் அதை நாற்காலியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் திருப்பிப் பிடித்தாள்.

“அப்பா, இப்போ இது லெஃப்ட் சைடுல இருக்கே.”

நான் பார்த்தேன். இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. நான் போட்ட முடிச்சு, என் வலது கையால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போட்டது.

“நீங்க எந்த சைடுல இருந்து பாத்தீங்க?” என்று கேட்டாள். என்னை மடக்கக் கேட்கவில்லை. எழுத வேண்டுமே என்று கேட்டாள். விரல் கீபோர்டின் மேல் காத்துக்கொண்டிருந்தது.

குவியலில் கிடந்த வலைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குப்பத்தில் பல் விழுந்து முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஒட்டைச் சுற்றி இருந்த மற்ற முடிச்சுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று நித்யா கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஒட்டை மட்டும்தான் பார்த்தேன். பயந்து புரட்டாமல் விட்டேனோ என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பயமெல்லாம் இல்லை. புரட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மீனைப் புரட்டாமல் ஒரு நாளும் வாங்காதவன் நான்.

நித்யா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பிறகு ஏதோ தட்டினாள். “அப்பா, இப்படிப் போட்டிருக்கேன். ‘நான் பாத்தது ஒரு வலையை. ஆளை நான் பாக்கலை.’ இது ஓகேவா?”

“சரிம்மா” என்றேன். ஒரு வரிதான். அதைப் பதினெட்டு வருஷம் என்னால் சொல்ல முடியவில்லை.

7

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தங்கச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவள் புருஷனை உயிரோடு வைத்திருந்தது என் வாய். இன்றைக்கு அதே வாயால் எப்படிச் சொல்வது என்று கடையில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். வேலைக்காரப் பையன்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு பண்ணி ஆளுக்கொரு மாத்திரை வாங்கி வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் போன் போட்டேன்.

“கன்னிமா, நான் தப்பா பாத்துட்டேம்மா. வலைய பொரட்டிப் பாக்காம சொல்லிட்டேன்.” நித்யா திருப்பிக் காட்டியது முழுவதையும் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. “நான்தான் உன்ன இத்தினி வருசம் காக்க வெச்சிட்டேன்.”

“அழுவாதணா” என்றாள். “எனக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“அவரு இல்லன்னு. எட்டு ஒம்போது வருசமா தெரியும்.”

அவள் சொன்னது இதுதான். ஒரு நாள் மீன் கூடையோடு பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். பொன்னேரி பஸ்ஸிலிருந்து ஒருத்தர் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறார். அதே முதுகு, அதே தோள், இடது கையில் பை.

“முன்னாடியெல்லாம் அப்புடி யாரையாவது பாத்தா கூடைய போட்டுட்டு ஓடுவேன், மூஞ்சிய பாக்க. அன்னிக்கு ஓடல. நின்னுகினே இருந்தேன். அந்தாளு கடைத்தெரு பக்கம் திரும்பிப் போயிட்டாரு. ஓடணும்னே தோணலியேன்னு அப்பொறந்தான் நெனச்சேன். அத்தோட முடிஞ்சிதுணா.”

“எனக்கு ஏம்மா சொல்லல?”

“எப்புடி சொல்றது? போன எடுத்தா மொத வார்த்த, ‘மச்சான் சேதி எதுனா உண்டா’ம்ப. உன் கொரலு அப்புடியே சின்னப் புள்ள மாரி இருக்கும். நீயோ அங்க ஊர வுட்டுக் கெடக்கற. உன்னாண்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?”

“அப்ப பூவு, பொட்டு?”

“பூ வெக்க எனக்குப் புடிக்கும்ணா. அதுக்கு ஒரு ஆளு வந்து நிக்கணுமா?” என்று சிரித்தாள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

“நீ ஒரு முடிச்ச பாத்துட்டு இருக்காருன்ன. நான் ஒரு முதுவ பாத்துட்டு இல்லன்னு வுட்டுட்டேன். ரெண்டு பேருமே மூஞ்சிய பாக்கல” என்றாள். மூன்றாம் வகுப்பு படித்தவள்.

கடைசியில் ஒரு வழியாக அந்த விசா பேச்சை எடுத்தேன். “நான் சொன்ன மாசமே விசா வந்துருந்தா...”

முடிக்க விடவில்லை. “அட போணா. விசா வந்துருந்தாலும் அவரு வந்துருக்க மாட்டாரு. பொட்டியே கட்டல தெரியுமா? உங்க அண்ணன் கடைல போயி எவன் ஐஸ்ல கை வெப்பான்னு என்னாண்ட சொன்னாரு. நீ கத்துவியேன்னு பயந்துகினு உன்னாண்ட தலைய ஆட்டுனாரு.”

இது நடந்ததா, எனக்காக அந்த நிமிஷத்தில் அவள் கட்டியதா, எனக்குத் தெரியாது. வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். இவளை ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் பல நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

8

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர், “சுய விருப்பத்தோடதானே தர்றீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் தமிழில் பெரிதாகச் சுழித்துப் போடுகிற ஆள், கட்டத்தைத் தாண்டிப் போகும். அன்றைக்குக் கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

காகிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சர்டிபிகேட் வந்ததும் முகத்துவாரத்தில் வைத்துக் காரியம் பண்ணிவிடலாம் என்று குப்பத்துப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் போனால் பிறந்த வீட்டுக் கோடி என்று பெண்ணுக்கு அண்ணன் தம்பி புடவை எடுத்துப் போடுவது எங்கள் வழக்கம். நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

“வெள்ள கிள்ள எடுத்துகினு வந்த, ஏரியில கடாசிடுவேன்” என்று கன்னியம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். “பச்சைல எடு.”

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நித்யாவைக் கூட்டிக்கொண்டு நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகிற ஒரு புடவைக் கடைக்குப் போனேன். எனக்குப் புடவை எடுக்கத் தெரியாது. மீனில் எனக்குத் தெரியாதது இல்லை, துணியில் ஒன்றும் தெரியாது. விற்கிற பையன் தஞ்சாவூர்ப் பக்கம். பட்டாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே, “என்ன விசேஷம் ஐயா? கல்யாணமா, வளைகாப்பா?” என்று கேட்டான்.

“கோடி எடுக்கணும் தம்பி. எங்க மச்சான் தவறிட்டாரு.”

அந்தச் சொல்லை முதல் தடவையாக வாயால் சொன்னேன்.

அவன் கையிலிருந்த பட்டை மெதுவாகக் கீழே வைத்தான். “அடடா. எப்பங்க ஐயா?”

நான் வாயைத் திறந்தேன். பதினெட்டு வருஷம் என்றால் அவன் என்னைப் பைத்தியம் என்று நினைப்பான். எட்டு வருஷம் என்று சொல்லவா, படகு ஒதுங்கிய நாளைச் சொல்லவா, கவுண்டரில் கையெழுத்துப் போட்ட நாளைச் சொல்லவா?

நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்த்து, அவளுடைய அந்தத் தமிழில் சொன்னாள்:

“இப்போதான்.”

அவன் தலையை ஆட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டான்.